கப்பலில் பினாங்கு வந்து, நாமே கொடிமலைக்குப் போய் நேரத்துக்குத் திரும்ப முடியுமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து குரூஸில் போகிறோம். பினாங்கில் ஒரு பகல் கப்பல் நிற்கும். கப்பலில் விற்கும் பினாங்கு ஹில் (கொடிமலை) சுற்றுலா, நான்கு பேருக்கும் சேர்த்தால் பெரிய தொகையாக வருகிறது. கூட வயதான அம்மாவும் எட்டு வயதுப் பையனும் வருகிறார்கள். நாங்களே போய்விட்டுக் கப்பலைப் பிடிக்க முடியுமா?

பதில்:

தாராளமாக முடியும். கப்பலில் வருகிறவர்கள் சொந்தமாகச் சுற்றுவதற்கு இவ்வளவு தோதான ஊர்கள் குறைவு. பல ஊர்களில் கப்பலை எங்கோ ஒதுக்குப்புறத்துச் சரக்குத் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஊருக்குள் வருவதற்கே பாதி நாள் போய்விடும். பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, தீவின் முக்கிய நகரமான ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கிறது. வாசலைத் தாண்டினால் எதிரே விக்டோரியா மணிக்கூண்டு, அதை ஒட்டி கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து, மலை உச்சிக்குப் போகும் ரயில் கிளம்பும் அடிவார நிலையம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர்.

எல்லோரும் துறைமுகத்திலிருந்து மலைக்கு எப்படிப் போவது என்றுதான் கவலைப்படுகிறார்கள். அது சுலபம். நேரத்தை விழுங்குவது மலை உச்சியில், கீழே இறங்கும் ரயிலுக்காக நிற்கும் வரிசை. ஏறுகிறவர்கள் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவார்கள். இறங்கும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிளம்பத் தோன்றும். சனி, ஞாயிறு, மலேசியப் பள்ளி விடுமுறை, பொது விடுமுறை நாட்களில் அந்த வரிசை மணிக்கணக்கில் நீளும். அதனால் உங்கள் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்.

எப்படி என்றால், கப்பல் கிளம்பும் நேரத்தை விட்டுவிடுங்கள். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் என்று தனியாக ஒன்று அறிவிப்பார்கள். வழக்கமாக அது கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். அது மாலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். 5 மணிக்குத் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். அதற்கு 4 மணிக்கு அடிவாரத்தில் காரில் ஏற வேண்டும். அப்படியென்றால் 3 மணிக்கு உச்சியில் இறங்கும் வரிசையில் நிற்க வேண்டும். வார நாளில் ரயில் உடனே கிடைத்து மிச்ச நேரம் கையில் நின்றால், ஊருக்குள் செலவழிக்க ஆயிரம் இடம் இருக்கிறது. விடுமுறை நாள் என்றால் இந்தக் கணக்கிலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தை முன்னால் தள்ளுங்கள்.

கடிகாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம்தான். ஆனால் உங்கள் கப்பல் புக்கெட்டுக்கும் போனால், தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்தங்கி இருக்கும். அங்கே போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் தன் நேரத்தை மாற்றாமலே இருக்கலாம். இறங்குமுன் கப்பலில் மாட்டியிருக்கும் கடிகாரத்தையும் உங்கள் போனையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், கரைக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும், அசல் பாஸ்போர்ட் தேவையா என்பதையும் முந்தின நாளே கப்பல் வரவேற்பில் கேட்டுவிடுங்கள்.

இப்போது வண்டிக்கு வருவோம். நான்கு பேர் என்றால் கிராப் கார் (போன் ஆப்பில் கூப்பிடும் வாடகைக் கார்)தான் சரி. துறைமுக வாசலில் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, போய்வர, காத்திருக்க என்று மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் நின்று பிழைக்கிறவர்கள். ஆனாலும் கிராப்பில் இதைவிடக் குறையும், பேரமும் கிடையாது. நாங்கள் போனபோது ஒரு வழிக்கு 20 ரிங்கிட்டைச் சுற்றித்தான் ஆனது. கப்பல் வந்த வேளையில் வாசலில் பேருந்துகளும் கார்களும் நெருக்கியடித்து நிற்கும். மணிக்கூண்டுப் பக்கமாகக் கொஞ்சம் நடந்து வந்து காரைக் கூப்பிட்டால் ஓட்டுநர் உங்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது. இணையம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கப்பல் வைஃபை கரையில் வேலை செய்யாது. ரோமிங்கோ இ-சிம்மோ முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆப்பையும் ஊரிலேயே பதிவு செய்து கார்டைச் சேர்த்து வையுங்கள்.

சாலை சும்மா இருந்தால் அரை மணிக்குள் அடிவாரம். எங்களை ஏற்றிப் போனவர் பினாங்குத் தமிழர். எந்தக் கப்பல் என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "அண்ணே, நாலு மணிக்குள்ள கீழ வந்துடுங்க. அஞ்சு மணிக்கு மேல ஆயர் ஈத்தாம் ரோடு ஜாம் ஆயிடும், அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது." மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் வீடுகள், சந்தை, பள்ளிகள் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு இருக்கின்றன, சாலையோ குறுகல். மாலையில் அங்கே நகராது. மழை பெய்துவிட்டால் கார் கிடைப்பதும் கஷ்டம், கட்டணமும் ஏறிவிடும்.

பேருந்தும் உண்டு. துறைமுகத்திலிருந்து கடலோரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் படகுத்துறைப் பேருந்து நிலையம். ஜெட்டி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அங்கிருந்து ரேபிட் பினாங்கு நிறுவனத்தின் 204ஆம் எண் பேருந்து, நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரம் வழியாக நேராக மலையடிவாரத்துக்கே போகிறது. சில ரிங்கிட்தான். ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் பணத்தைப் போட வேண்டும், மீதிச் சில்லறை தர மாட்டார். சின்ன நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வருகிறவருக்கு அருமையான பயணம், ஊரின் முதுகெலும்பு வழியாகவே போகிறது. உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது இதை நம்ப வேண்டாம்.

டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்கலாம், கவுண்டரிலும் வாங்கலாம். வெளிநாட்டவருக்கு ஒரு விலை, மலேசியர்களுக்குக் குறைந்த விலை. நாங்கள் வாங்கியபோது வெளிநாட்டுப் பெரியவருக்குப் போய்வர 30 ரிங்கிட். கணிசமாகக் கூடுதல் விலையில், தனி வரிசையில் விடும் விரைவு டிக்கெட்டும் இருக்கிறது. வார நாளில் அது வீண் செலவு. விடுமுறை நாளில், மேலே நேரக் கெடுவோடு நிற்கும் கப்பல் பயணிக்கு அதைவிட நல்ல செலவு கிடையாது. அம்மா கூட வருவதால், கூட்ட நாளாக இருந்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். ஒன்று மட்டும்: கடல் மோசமாக இருந்து கப்பல் பினாங்குக்கு வராமலே போய்விட்டால், முன்பே வாங்கிய டிக்கெட் பணம் போனதுதான். ரயில் பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள். உங்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 1923இல் ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி முதல் தேதி முறைப்படி திறந்து வைக்கப்பட்ட பாதை அது. அதற்கு முன்னால் ஒரு முறை ரயில்பாதை போட்டுப் பார்த்து, அது ஓடாமலே போனது. பழைய ரயிலில் பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மேலே போக அரை மணி ஆகும். 2011இல் புதுப் பெட்டிகள் வந்த பிறகு ஒரே ஓட்டம். சுமார் 2 கிலோமீட்டர் பாதை, பத்து நிமிடத்துக்குள் மேலே. ஒரு பெட்டியில் 100 பேர் வரை ஏற்றுகிறார்கள். ஒரே கம்பி வடத்தின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று ஏற மற்றது இறங்கும். தண்டவாளமும் ஒன்றுதான். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று கடந்ததும் மறுபடி ஒன்றாகிவிடுகிறது. எதிர்ப் பெட்டி நம்மை நோக்கி நேராக இறங்கி வருவதைப் பார்க்கும்போது பையன் கத்தப் போகிறான். கடைசி நொடியில் அது பக்கத்தில் ஒதுங்கிப் போகும். கொஞ்சம் முன்னதாகவே அவனுக்குச் சொல்லிக் கண்ணாடி ஓரமாக நிறுத்தி வையுங்கள்.

ஏறும்போது பெரும்பாலானவர்கள் மேல்பக்கத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் கீழ்ப்பக்கக் கண்ணாடிக்குப் போங்கள். ஜார்ஜ் டவுன் முழுதும், அப்புறம் கடல், அப்புறம் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் என்று ஒவ்வொன்றாகக் காலடியில் விரியும். பெட்டியின் தளம் படிக்கட்டு மாதிரி தட்டுத் தட்டாக இருக்கும். அம்மாவை உள்ளே படி ஏற விடாமல், கதவுக்கு நேரே இருக்கும் தட்டிலேயே இருக்கை பிடித்து உட்கார வையுங்கள். சரிவு அதிகம், நின்றால் கம்பியைப் பிடித்தே ஆக வேண்டும். நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, கேட்டால் வழிகாட்டுவார்கள்.

உச்சி கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே. கீழே வேர்த்துக் கொட்டிய உடம்புக்கு அந்தக் காற்று அவ்வளவு இதம். பார்வை மேடையில் நின்றால் தீவை எதிர்க்கரையோடு இணைக்க 1985இல் திறந்த முதல் பாலமும், இன்னும் தெற்கே 2014இல் திறந்த இரண்டாவது பாலமும் தெரியும். உங்கள் கப்பலும் துறையில் கட்டியபடி தெரியும். ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஸ்ரீ அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்த கோயில், பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். அம்மாவுக்கு அங்கே போனாலே வந்த பலன் கிடைத்துவிடும். உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் நல்ல இடம். நடக்க முடியாவிட்டால் கட்டணத்துக்கு பக்கி என்னும் சின்னத் திறந்த வண்டிகள் சுற்றிக் காட்டுகின்றன.

ஹாபிடாட் என்று காட்டுக்குள் ஒரு நடைபாதை, அதில் மரங்களின் உச்சிக்கு மேலே ஒரு தொங்குபாலம். தனிக் கட்டணம், கூடவே ஒன்றரை இரண்டு மணி நேரமும் வேண்டும். கப்பல் காலையிலேயே வந்து சேர்ந்தால் போங்கள், மதியம் வந்தால் விட்டுவிடுங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகளைப் பார்க்க அதற்குள் போகத் தேவையில்லை, பாதையோர மரங்களிலேயே இருக்கும். தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது என்று பையனிடம் சொல்லி வையுங்கள். இந்த மலைக்காடும் அதைச் சேர்ந்த பகுதிகளும் 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தன.

மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் எதுவும் தெரியாது, அதனால் முடிந்தவரை காலையில் ஏறுங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அடிவாரத்துக்குப் போன பிறகு, ஏறுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் போல வரிசை தெரிந்தால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள். கீழேயே இவ்வளவு கூட்டம் என்றால் மேலே என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காரில் சில நிமிடத்தில் கெக் லோக் சி என்னும் சீன பௌத்தக் கோயில். அதுவும் மலைச்சரிவில்தான் இருக்கிறது, கருணைத் தெய்வமான குவான்யினுக்கு 30 மீட்டர் உயர வெண்கலச் சிலை, அதன் மேடை வரை ஏற சின்ன சாய்வு லிஃப்ட். அங்கே இறங்கும் வரிசை என்று ஒரு பயம் கிடையாது. தண்ணீர்மலை முருகன் கோயிலும் நல்ல மாற்றுதான். ஆனால் 500க்கும் மேற்பட்ட படிகள். அம்மாவுக்கு வேண்டாம்.

கப்பல் சுற்றுலாவே வாங்கிவிடுங்கள் என்று நான் சொல்வது ஒரே நிலையில்தான்: கப்பல் மதியம் தாண்டி வந்து, அன்று விடுமுறை நாளாகவும் இருந்து, இருட்டும் முன் கிளம்புகிறது என்றால். அவர்களுடைய சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். உங்கள் கிராப் கார் தாமதமானால் காத்திருக்காது. அப்படிப்பட்ட நாளில் அந்தக் கூடுதல் பணத்தைக் காப்பீடாக நினைத்துக்கொள்ளலாம், அல்லது மலையை விட்டுவிட்டு ஊரைச் சுற்றலாம்.

சீக்கிரம் இறங்கிவிட்டால் காரை நேராகத் துறைமுகத்துக்கு விடாமல் லிட்டில் இந்தியாவில் நிறுத்தச் சொல்லுங்கள். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். சுற்றிலும் வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, பாட்டுச் சத்தம். அங்கிருந்து கப்பலுக்கு நடந்தே வந்துவிடலாம், போக்குவரத்து நெரிசல் உங்களை ஒன்றும் செய்யாது.

தேதி, கப்பல் வந்து சேரும் நேரம், எல்லோரும் ஏற வேண்டிய நேரம் மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு உச்சியைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.