கேள்வி – பதில்: சுரங்கக் கழிவும் நுண்ணுயிர்களும்

கேள்வி: தாதுவைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் மாவு போன்ற கழிவு காற்றில் பறக்கிறது. பாக்டீரியாவைத் தெளித்தால் அது கல்லாகிவிடுமா?

பதில்: தெளித்தால் மேல்பரப்பு மட்டும் இறுகும், குவியல் முழுவதும் கல்லாகாது. தூசியை அடக்க அதுவே போதும். ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்ற மண் பாக்டீரியா யூரியாவை உடைத்துக் கார்பனேட்டும் அம்மோனியமும் ஆக்கும். கார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து கால்சைட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லின் கனிமமாகப் படிந்து, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

முதலில் பாக்டீரியா வளர்த்த திரவத்தைத் தெளித்துச் சில மணி நேரம் விடுங்கள். பிறகு லிட்டருக்கு 30 கிராம் யூரியாவும் 55 கிராம் நீரற்ற கால்சியம் குளோரைடும் கரைத்த நீரைத் தெளியுங்கள். கையில் இருப்பது நீர் சேர்ந்த டைஹைட்ரேட் வகை என்றால் 73 கிராம் வேண்டும். எல்லாம் வினைபுரிந்தால் லிட்டருக்கு 50 கிராம் கால்சைட் கிடைக்கும். பாக்டீரியாவையும் இந்தக் கரைசலையும் ஒரே தொட்டியில் கலந்துவைத்தால் சுண்ணாம்பு அங்கேயே படிந்து தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். கரைசலின் செறிவை ஒரேயடியாகக் கூட்டினாலும் பயனில்லை: மேலே வெள்ளைப் பொருக்கு, விரலால் அழுத்தினால் கீழே பழைய தூள். பொருக்கை உடைத்து, வெட்டுமுகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விடுங்கள். நுரை எந்த ஆழத்தில் நிற்கிறதோ அதுவரைதான் கால்சைட். தெளிக்காத கழிவிலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிடுங்கள். அதில் முன்பே சுண்ணாம்பு இருக்கலாம்.

இம்முறையில் லிட்டருக்குச் சுமார் 18 கிராம் அம்மோனியம் மிஞ்சுகிறது. வடிநீரைப் பிடித்துச் சுத்திகரிக்க வழியில்லை என்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். நீர்நிலையில் கலந்தால் மீன்கள் சாகும்.

கேள்வி: எங்கள் குவியலிலிருந்து செம்மஞ்சள் நீர் கசிகிறது. இதற்கும் அந்தப் பொருக்கு உதவுமா?

பதில்: உதவாது. பெரும்பாலும் உள்ளே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருக்கும். காற்றும் நீரும் பட்டு அது அமிலமாகும்போது கால்சைட் கரைந்துவிடும். அசிடிதியோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் இந்த அமிலமாதலைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. கழிவின் பிஹெச் (அமில-கார அளவு) இன்று 7, அதாவது நடுநிலை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். நன்றாக அரைத்த 2.5 கிராம் கழிவில் 15 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 250 மில்லி ஊற்றி, பொங்கி அடங்கியபின் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பாருங்கள். பிஹெச் 4.5க்குக் கீழ் வந்தால், நாளை அமிலம் கசியும் கழிவு அது. இதை ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு (fume hood) உள்ள ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும்.

கசிவுநீர் போகும் வழியில் மரச்சில்லு, தொழு உரம், சுண்ணாம்புக்கல் நிரப்பிய, எப்போதும் நீரில் மூழ்கிய குழி அமையுங்கள். காற்றில்லாத அங்கே சில பாக்டீரியாக்கள் கசிவுநீரிலுள்ள சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றும். செம்பு, துத்தநாகம் அதோடு சேர்ந்து படியும். பிஹெச் 5க்குக் கீழே அந்தப் பாக்டீரியாக்கள் சுணங்கும் என்பதால்தான் சுண்ணாம்புக்கல். லேசான அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது, ஆனால் அந்த வாயு நஞ்சு, குழிக்குள் குனியாதீர்கள். எளிதில் மட்கும் பொருள் தீர்ந்ததும் குழி செயலிழக்கும், அப்போது புதிதாக நிரப்ப வேண்டும்.

கேள்வி: பொருக்கின்மேல் செடி வளருமா?

பதில்: கெட்டிப் பொருக்கில் வேர் இறங்காது, மிஞ்சிய குளோரைடு உப்பும் கருக்கிவிடும். நட வேண்டிய இடத்தைத் தெளிக்காமல் விடுங்கள். வேரோடு கூடி வாழ்ந்து செடிக்கு உதவும் மைக்கோரைசாப் பூஞ்சையை நடவுக் குழியில் வேரைத் தொடும்படி இடுங்கள். பாஸ்பரஸ் உரத்தை அள்ளிப் போட்டால் பூஞ்சை வேரில் குடியேறாது.