புதுச்சேரியில் கிளம்பும் ஏடிஆர் விமானத்தில் ஒரு இன்ஜின் நின்றுவிட்டால் விமானிகள் என்ன செய்வார்கள்?

புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாசுப்பேட்டையில் ஓடுபாதை 1500 மீட்டர்தானே, திரும்பி வந்து இறங்க முடியுமா, இல்லை கடலில்தான் இறக்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடல் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு புரொபெல்லர் இன்ஜின் கொண்ட விமானம் இது; அதில் ஒன்று போனாலும் ஏடிஆர் 72 மேலேறும். ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த எடையில்தான் அதைக் கிளம்பவே விடுவார்கள். பாதை குட்டை என்பதால் இங்கே அந்தக் கணக்கு இன்னும் கறார். மே மாத மத்தியான வெயிலில் சில இருக்கைகளைக் காலியாக விட வேண்டியும் வரலாம்.

ஓடும்போது ‘வி1’ என்று ஒரு வேகம் உண்டு. அதற்கு முன் பழுது தெரிந்தால் பவரைக் குறைத்து பிரேக் பிடித்து நிறுத்திவிடுவார்கள். தாண்டிவிட்டால் பறந்துதான் ஆக வேண்டும், மிச்சப் பாதைக்குள் நிற்கும் என்று நம்ப முடியாது.

சக்கரம் தரையை விட்டதும் வலது இன்ஜின் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வலப்பக்கம் இழுக்கும். ஓட்டும் விமானி வால் பக்கத்துச் சுக்கானை (ரடர்) திருப்பும் இடது பெடலை அழுத்தி நேராக்குவார். அதற்குள் ஏடிபிசிஎஸ் என்ற தானியங்கி அமைப்பு தன் வேலையைத் தொடங்கியிருக்கும். ஒரு பக்க டார்க் (இன்ஜின் புரொபெல்லரைச் சுழற்றும் விசை) 18 சதவீதத்துக்குக் கீழே விழுந்ததும், நல்ல இன்ஜினை 2475 குதிரைத்திறனிலிருந்து 2750க்கு ஏற்றும். இரண்டு வினாடி சொச்சத்தில் நின்ற பக்கத்து புரொபெல்லரை ‘ஃபெதர்’ செய்யும். அதாவது ஆறு பிளேடுகளும் கத்தி விளிம்பு காற்றைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்ளும். திரும்பாவிட்டால் காற்றில் சும்மா சுழலும் புரொபெல்லர் பெரிய தட்டு மாதிரி காற்றை மறித்து, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். இன்ஜின் நிற்பதைவிட இந்த இழுவைதான் மோசம்.

இவ்வளவு நடந்தும் 400 அடி வரை விமானிகள் சக்கரத்தை மடக்குவார்கள், வேகத்தைக் காப்பார்கள், அவ்வளவுதான். எந்த லீவரையும் பிடித்து இழுக்கக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் மெத்தனம் போலத் தெரியும், ஆனால் இந்தச் சில நொடிப் பொறுமைதான் உயிர் காக்கிறது. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235 விமானத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. புரொபெல்லரைத் தானாக ஃபெதர் செய்யும் யூனிட்டில் ஒரு சால்டர் இணைப்பு விட்டுப்போய், இரண்டாம் இன்ஜினின் புரொபெல்லர் தேவையில்லாமல் ஃபெதர் ஆனது. கேப்டன் அவசரத்தில் குறைத்ததோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் இன்ஜினின் பவரை. விமானத்தில் இருந்த 58 பேரில் 43 பேர் இறந்தார்கள்.

அதனால்தான் லீவரைத் தொடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கை வைத்து எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்வார். மற்றவர் டார்க், வெப்பநிலை முள்களைப் பார்த்து ஆமாம் என்ற பிறகுதான் லீவர் நகரும். தீ என்றால் வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும்: பவர் லீவர் ஃப்ளைட் ஐடிலுக்கு (பறக்கும்போதான குறைந்தபட்ச பவர்), புரொபெல்லரையும் எரிபொருளையும் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர் ஃபெதருக்கும் பிறகு எரிபொருள் அடைப்புக்கும், அடுத்து அந்த இன்ஜினின் தீ கைப்பிடியை (ஃபயர் ஹேண்டில்) இழுப்பது. 10 வினாடி கழித்தும் தீ எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிந்தால் முதல் தீயணைப்பு பாட்டில், இன்னும் 30 வினாடியில் அணையாவிட்டால் இரண்டாவது. மீதி எல்லாம் செக்லிஸ்ட்டைப் பார்த்து.

எங்கே இறங்குவது? தீ அணையவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், சுற்றி வந்து லாசுப்பேட்டைதான். அணைந்துவிட்டால், அல்லது இன்ஜின் சும்மா நின்றிருந்தால், என் கணக்கில் சென்னை. அரை மணிக்குள் போய்விடலாம், 3600 மீட்டருக்கு மேல் பாதை, பாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பான ஐஎல்எஸ், பெரிய தீயணைப்புப் படை. அகலமும் முக்கியம். இறங்கியபின் வேகம் குறைக்க புரொபெல்லர் பின்னோக்கித் தள்ளும் ரிவர்ஸ் ஒரு பக்கம் மட்டும் கிடைப்பதால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். இங்கே பாதையின் அகலம் 30 மீட்டர், சென்னையில் 45. ஏடிஆரில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது, தேவையும் இல்லை. கிளம்பும் உச்ச எடை 23,000 கிலோ, இறங்கும் உச்ச எடை 22,350. குட்டைப் பாதையில் கிளம்பிய விமானம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

பெங்களூருவுக்குப் பாதி வழி தாண்டியபின் நின்றால் கதை வேறு. ஒற்றை இன்ஜினில் அதே உயரத்தில் தங்க முடியாது, எடையையும் வெப்பத்தையும் பொறுத்து 10,000 அடியை ஒட்டி இறங்கி வரும். ஜவ்வாது மலை அதற்கு எவ்வளவோ கீழே, எனவே பதற்றமில்லை. அப்படியே பெங்களூருவுக்கே போவார்கள்.

சக்கரம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு), பிரேக் எல்லாம் வேலை செய்யுமா என்ற பயம் பலருக்கு. இவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் பம்புகள் மின்சாரத்தில் ஓடுபவை. ஒரு பக்க ஜெனரேட்டர் போனால் மறுபக்கத்து ஜெனரேட்டர் இரண்டையும் ஓட்டும். அதுவும் கைவிட்டால் சக்கரத்தைத் தன் எடையிலேயே கீழே விழ வைக்கத் தனி லீவர் இருக்கிறது.

கேபினில் இருக்கும் இரண்டு பணியாளர்களுக்கும் கேப்டன் நான்கே விஷயம் சொல்வார்: என்ன பழுது, என்ன செய்யப்போகிறோம், எத்தனை நிமிடம், தனியாக ஏதாவது உண்டா. அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். பயணியாக உங்களுக்கு ஒன்று: ஏடிஆரில் நீங்கள் பின்கதவு வழியாக ஏறுகிறீர்கள், முன்னால் இருக்கும் பெரிய கதவு சரக்குக்கு. ஆனால் அவசர வழிகள் முன்வரிசையின் இரு பக்கமும் உண்டு. முன்பாதியில் உட்கார்ந்திருந்தால் ஏறிய கதவைத் தேடிப் பின்னால் ஓடாதீர்கள்.