சாம்பியா ஸ்கூல் வேலை: 18,000 குவாச்சா சம்பளத்துல கையில எவ்ளோ நிக்கும்?

கேள்வி: பிரதர், ஸ்தோத்திரம். நாகர்கோவில் பக்கம் பிரைவேட் ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சரா இருக்கேன், வயசு 38, சம்பளம் 34,000, பிஎஃப் பிடிக்க ஆரம்பிச்சு 9 வருஷம் 4 மாசம். சாம்பியாவுல என்டோலா பக்கத்துல ஒரு கிறிஸ்டியன் ஸ்கூல்ல ஜனவரியில இருந்து 2 வருஷ காண்ட்ராக்ட் வந்திருக்கு. மாசம் 18,000 குவாச்சா (அந்த நாட்டுப் பணம்), வீடு ஃப்ரீ, போற டிக்கெட் நம்ம செலவு, திரும்பி வர்ற டிக்கெட் அவங்க. இங்க வீட்டு லோன் இஎம்ஐ 14,800, நகைக்கடன் 1.8 லட்சம், எஃப்டி 2.5 லட்சம். வீட்டுக்காரருக்கு நிரந்தர வருமானம் இல்ல, அவரும் எட்டாவது படிக்கிற மகளும் இங்கதான் இருப்பாங்க. சபையில நாலஞ்சு குடும்பம் சேந்து மாசம் 10,000 தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த மாசமே ரிசைன் பண்ணிட்டு பிஎஃப் எடுத்து டிக்கெட், பெர்மிட் செலவை முடிச்சிடலாமா?

பதில்: டீச்சர், இது கடவுளோட அழைப்பா இல்லையாங்கறத நான் சொல்ல முடியாது, அது உங்க ஏரியா. நான் பாக்கறது ஒண்ணுதான், உங்க கடமை எல்லாம் ரூபாயில இருக்கு, சம்பளம் குவாச்சால வருது.

ஒரு குவாச்சா 3.50 ரூபான்னு வெச்சு 63,000னு மனசுல போட்டிருப்பீங்க, இப்ப வாங்கறதுக்கு கிட்டத்தட்ட டபுள். ஆனா அங்க சம்பளத்துலயே வரி பிடிச்சிட்டுதான் கொடுப்பாங்க. 2024ல வந்த ஸ்லாப் படி மாசம் 5,100 வரைக்கும் வரி இல்ல, அடுத்த 2,000க்கு 20%, அடுத்த 2,100க்கு 30%, 9,200க்கு மேல போற ஒவ்வொரு குவாச்சாவுக்கும் 37%. உங்களுக்கு வரி மட்டும் 4,290 கிட்ட வரும். அப்புறம் நம்ம பிஎஃப் மாதிரி நாப்சான்னு 5%, அது 900, ஹெல்த் இன்சூரன்ஸுக்கு 1%, 180. கையில 12,630. வீடு ஃப்ரீன்னாலும் அரிசி பருப்பு, பஸ், போன், கேஸ் எல்லாம் இருக்குல்ல (2024 வறட்சியில கரீபா அணையில தண்ணி இல்லாம கரண்ட் மணிக்கணக்கா போச்சு, அந்த மாதிரி வருஷத்துல சோலார் லைட், சிலிண்டர்னு தனி செலவு), சிக்கனமா 5,000னு வைங்க. மிச்சம் 7,600, நம்ம காசுக்கு 26,600. இப்ப பிஎஃப் 1,800 போக 32,200 வீட்டுக்கு வருது, அதுல நீங்களும் சாப்பிடறீங்க, அங்க போனா உங்க சாப்பாடு போக 26,600. அதாவது பணத்துக்காக போறதா இருந்தா இது பெரிய ஆஃபரே கிடையாது, ஊழியம்னு நினைச்சு போறீங்கன்னா அது வேற, ஆனா வீட்டுக்காரர்கிட்ட இந்த 26,600ங்கற நம்பரை பேப்பர்ல எழுதிக் காட்டிட்டு போங்க.

அடுத்தது குவாச்சா விழறது. 2013ல ஒரு டாலருக்கு 5 குவாச்சா சுமாரா இருந்துச்சு, 2020 ஆரம்பத்துல 14, அடுத்த ஒன்றரை வருஷத்துல 22 தாண்டிடுச்சு. அந்த நாட்டு ஏற்றுமதியில பெரும்பங்கு செம்புதான், செம்பு விலை ஆடினா நாணயமும் ஆடும், அதோட 2020 நவம்பர்ல வெளிநாட்டுக் கடனையே கட்ட முடியாம நின்னாங்க. நடுவுல ஏறவும் செஞ்சிருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா குவாச்சா 3.50ல இருந்து 2.60க்கு வந்தா உங்க 26,600 இருபதாயிரத்துக்கு வந்துடும், இஎம்ஐ அதே 14,800தான். அதனால காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, டெர்முக்கு ஒரு தடவை (அங்க வருஷத்துக்கு 3 டெர்ம்) டாலர் ரேட் பாத்து சம்பளத்தை திருத்துவோம்னு ஒரு வரி சேக்க சொல்லுங்க. கேக்க கூச்சப்படாதீங்க, மிஷன் ஸ்கூல்னாலும் சம்பளம் சம்பளம்தான்.

இப்ப உங்க அவசரத்துக்கு வர்றேன். அடுத்த மாசம் ரிசைன் பண்ணாதீங்க, ப்ளீஸ். பிஎஃப்ல பென்ஷன் பகுதிக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், ஆனா 9 வருஷம் 6 மாசம் ஆயிட்டாலே 10னு எடுத்துக்கறாங்க. நீங்க 9 வருஷம் 4 மாசத்துல நிக்கறீங்க! டிசம்பர் கடைசி வரைக்கும் வேலை பாத்துட்டு கிளம்புனா 58 வயசுல பென்ஷன் உண்டு, அடுத்த மாசமே விட்டா அது போச்சு. நடுவுல லாஸ் ஆஃப் பே லீவு இருந்தா அந்த நாளையும் கூட்டிக் கழிச்சு பாருங்க, ஆபீஸ் கிளர்க்கை நம்பாம பாஸ்புக்கை நீங்களே டவுன்லோட் பண்ணி பாருங்க. பிஎஃப் பணத்தை தொடாதீங்க, அங்கயே கிடக்கட்டும், வட்டி வரும் (வேலையை விட்ட பிறகு வர்ற வட்டிக்கு வரி உண்டு, அவ்ளோதான்). டிக்கெட்டை ஸ்கூலையே போடச் சொல்லுங்க, மாசாமாசம் சம்பளத்துல கழிச்சுக்கட்டும். முடியாதுன்னா எஃப்டியில இருந்து எடுங்க. எஃப்டியில மீதி இருக்கறதுல நகைக்கடனை பாதியாவது அடைங்க, வருஷா வருஷம் வட்டி கட்டி திருப்பி வெக்கறதுக்கு நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்க.

சபை பணம் 10,000. உறவுக்காரங்க இல்லாதவங்க தர்றது வருஷத்துக்கு மொத்தமா 50,000 தாண்டினா முழுத் தொகையும் வருமானம்னு கணக்கு. உங்க அளவுக்கு வரி வராது, ஆனா ரிட்டர்ன் போட்டா அதுல காட்டணும். என் கவலை அது இல்ல, என்கிட்ட வந்த ஒரு டீச்சருக்கு இப்படி அஞ்சு குடும்பம் வாக்கு கொடுத்தாங்க, ஆறாவது மாசம் ரெண்டு குடும்பம்தான் போட்டுச்சு, யாரையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்க வீட்லயும் காலேஜ் ஃபீஸ் வருமே. அதனால இந்த பத்தாயிரத்தை இஎம்ஐ கணக்குல சேக்காதீங்க.

இந்திய வரி பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் ஒரு விஷயம். ஜனவரியில போறதால அந்த நிதியாண்டுல நீங்க இன்னும் ரெசிடெண்ட்தான் (வரிக் கணக்குல இந்தியாவுல இருக்கறவங்க), ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் வாங்கற குவாச்சாவையும் இங்க ரிட்டர்ன்ல காட்டணும், ஐடிஆர்-1 ஃபாரம் செல்லாது, ஐடிஆர்-2 போடணும். 12 லட்சத்துக்கு கீழ இருக்கறதால புது முறையில வரி வராது. ஏப்ரல்ல இருந்து என்ஆர்ஐ, அந்த சம்பளத்துக்கு இங்க வரி கிடையாது. பேங்க் கணக்குக்கு மட்டும் வேற ரூல், வேலைக்குன்னு கிளம்பின நாள்ல இருந்தே என்ஆர்ஐதான், அதனால இப்ப இருக்கற சேவிங்ஸை என்ஆர்ஓ கணக்கா (என்ஆர்ஐக்கு இந்தியாவுல வர்ற பணத்தை வெக்கறது) மாத்திட்டு, பணம் அனுப்ப ஒரு என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுச் சம்பளத்தை போடறது) தொறந்துக்கங்க. என்ஆர்இ வட்டிக்கு வரி இல்ல, என்ஆர்ஓ வட்டியில 30%க்கு மேல டிடிஎஸ் பிடிப்பாங்க.

அப்புறம் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இப்ப இருக்கற ஸ்கூல் ஆபீஸ்ல கிடக்கா? நம்ம ஊர்ல அந்த வழக்கம் இருக்கு. சாம்பியாவுல பாடம் எடுக்க அங்க டீச்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணணும், அதுக்கு டிகிரி, பிஎட் எல்லாம் வேணும். ரிசைன் லெட்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது காரணம் சொல்லி அதை வாங்கி வீட்டு பீரோவுல வெச்சுடுங்க, வருஷ நடுவுல போற கோவத்துல யாராவது இழுத்தடிச்சா ஜனவரி ஃபிளைட் போயிடும்.