மாடு செத்த அன்று எங்கே இருந்தீர்கள்?

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் 11 ஆண்டுகளாக இயற்கைக் கல்வி நடத்திவரும் ஒருவர், இந்த முறை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: மாட்டைப் புலிக்குப் பறிகொடுத்தவரிடம் போய் 'புலியைக் காப்பாற்றுங்கள்' என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மனசு கூசாதா? - வாசகி, ஈரோடு

ப: கூசும். அதனால்தான் அப்படிச் சொல்வதையே விட்டுவிட்டேன்.

முதல் வருஷம் சொல்லிப் பார்த்தேன். தாய்ப்புலி, பக்கத்தில் இரண்டு குட்டிகள், கீழே பெரிய எழுத்தில் 'காப்போம்'. அந்த போஸ்டரை பவானிசாகர் பக்கம் ஒரு ஊரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பட்டியிலிருந்து எருக் கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "புலிப் படம் நல்லாத்தான் இருக்குது அம்மணி. செத்துப்போன என்ற மாட்டுப் படத்த எங்க ஒட்டுவீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பசை காயும் முன்பே போஸ்டரைக் கிழித்தேன்.

அவர் மாடு செத்து 9 நாள் ஆகியிருந்தது. விசாரிக்க வந்தவர்கள் வந்துபோயிருந்தார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து 'என்ன ஆச்சு?' என்று கேட்டவர் யாரும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேலைதான் முக்கியம். புலி மாட்டை அடித்தது என்று தகவல் வந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும். அன்று போகாத ஆள் மறுவாரம் பாடம் நடத்த வந்தால், ஊரில் மரியாதைக்கு டீ கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

போய் என்ன செய்வேன்? முதலில், செத்த மாட்டை அங்கேயே விட்டுவிடச் சொல்வேன். இது கேட்பதற்கே கொடுமையாக இருக்கும், தெரியும். ஆனால் புலி அடித்த இரையை 3, 4 நாள் வைத்துத் தின்னும். இழுத்துப் புதைத்துவிட்டால் அதன் பசி அடங்காது, அடுத்த மாட்டைத் தேடி வரும். உடலை நகர்த்தினால் அடித்தது புலியா, சிறுத்தையா, செந்நாயா என்று சொல்வதும் கஷ்டம். புலி பெரும்பாலும் பின்தொடைப் பக்கமிருந்து தின்ன ஆரம்பிக்கும். சிறுத்தை வயிற்றையோ நெஞ்சையோதான் முதலில் கிழிக்கும். கழுத்தில் பதிந்த பல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியும் காட்டிக்கொடுத்துவிடும். இதையெல்லாம் மேய்ப்பவர்கள் எனக்குச் சொல்லித்தந்தார்களா, நான் அவர்களுக்குச் சொன்னேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் வனக்காப்பாளருக்குத் தகவல், கால்நடை மருத்துவரின் சான்று, போட்டோ, பாஸ்புக் நகல், மனு. மனு எழுதுவதும் என் வேலைதான். இயற்கைக் கல்வி என்ற பெயரில் நான் அதிகம் எழுதியது இழப்பீட்டு மனுக்கள்தான் என்றால் சிரிப்பீர்கள். அதில் ஒன்று 14 மாதம் எங்கோ ஒரு மேசையில் தூங்கியது. அந்த 14 மாதமும் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன்.

ஏன் இந்த அவசரம் என்றால், செத்த மாடு கிடக்கும் முதல் ராத்திரிதான் ஆபத்தான ராத்திரி. பூச்சிமருந்து எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி அருகே 2 புலிகள் செத்துக் கிடந்தன. மாட்டை இழந்த ஒருவர் அதன் உடலில் விஷம் வைத்ததாகக் கைதானார். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த ஆள்மேல் வந்த கோபத்தைவிட, 'அன்று ராத்திரி அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா' என்ற கேள்விதான் பெரிதாக இருந்தது. விஷம் புலியோடு நிற்பதும் இல்லை. எங்கள் மாயாறு பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களில், செத்த உடல்களைத் தின்னும் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. தமிழ்நாட்டில் மிஞ்சிய கொஞ்சத்தில் முக்கியமான கூட்டம் அது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசிமருந்தால் நாடு முழுக்கச் செத்து விழுந்த இனம். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். ஒரே ஒரு விஷ மாட்டில் ஒரு கூட்டமே போய்விடும்.

கே: பால் கறக்காத மாட்டையெல்லாம் எதற்குக் காட்டில் மேய்க்கிறார்கள்? வீட்டில் கட்டிப் போட்டால் பிரச்சினை தீர்ந்ததே! - ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை

ப: நானும் இதே கேள்வியோடுதான் வந்தேன். அந்த மாட்டின் வரும்படி பாலில் இல்லை, சாணத்தில் இருக்கிறது. பட்டியில் ராத்திரி அடைத்தால் காலையில் எரு. அதை மூட்டை மூட்டையாக வாங்கிப் போகத் தோட்டக்காரர்கள் வருகிறார்கள். கட்டிப் போட்டால் தீவனம் வாங்க வேண்டும், எருவில் வருவது அதற்கே போய்விடும். பர்கூர் மலையின் செம்மாடு காட்டில் மேய்ந்தே உருவான இனம், அதைக் கட்டித்தறியில் வளர்ப்பது இன்னும் சிரமம்.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்குத் தடை சொன்னபோது ஊரே என்னைத்தான் பார்த்தது, நான்தான் தீர்ப்பு எழுதியதுபோல. மானுக்கும் மாட்டுக்கும் ஒரே புல் என்பது உண்மை. மாட்டுக்கு வரும் கோமாரி காட்டெருமைக்கும் தொற்றும் என்பதும் உண்மை. உண்ணிச்செடி மண்டிப் புல்லை மூடியதில் மேய்ப்பவருக்குப் பங்கில்லை என்பதும் உண்மைதான். மூன்றையும் ஒரே கூட்டத்தில் சொன்னேன். இரண்டு தரப்புக்கும் பிடிக்கவில்லை.

கே: குழந்தைகளுக்கு என்ன சொல்லித் தருகிறீர்கள்? - பள்ளி ஆசிரியை, கரூர்

ப: டீச்சர், ஒரு கணக்கு சொல்கிறேன், உங்கள் வகுப்பிலும் போட்டுப் பாருங்கள். ஒரு புலிக்கு வாரத்துக்கு ஒரு பெரிய இரை என்று வையுங்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 50 மான். ஆனால் 50 மான் மட்டும் இருந்தால் ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடும். கூட்டம் குறையாமல் இருக்கப் பத்தில் ஒன்றுக்குமேல் போகக் கூடாது. அப்படியானால் எத்தனை மான் வேண்டும்? 500 என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு பையன், "அப்ப 500 மானுக்கு எவ்வளவு புல்லு?" என்றான். புலிப் பாடம் அங்கே புல் பாடமாக மாறிவிட்டது. நான் திட்டமிடவே இல்லை.

இன்னொன்று, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படமாக வரையச் சொல்வேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வழியில் ஒரு புதரை மட்டும் கறுப்பாகத் தீட்டியிருந்தாள். கேட்டால், "இங்க வந்தா பாட்டி சத்தமா பேசிக்கிட்டே வரச் சொன்னாங்க." வளைவுக்கு முன்னால் குரல் கொடு, ஒற்றையாகப் போகாதே, விடிகாலையும் அந்தியும் வேண்டாம் என்று நான் ஒரு மணி நேரம் நடத்த வேண்டிய பாடத்தை அந்தப் பாட்டி ஒரே புதரில் முடித்திருந்தார். அந்தப் படங்களையெல்லாம் சேர்த்து ஊர் வரைபடம் ஒன்று செய்தோம். எந்தப் புதரை வெட்ட வேண்டும், எங்கே தெருவிளக்கு வேண்டும் என்று பஞ்சாயத்தில் கேட்க அதுதான் உதவியது. 7 இடம் கேட்டோம், 3 கிடைத்தது.

கே: முகமூடியைப் பின்மண்டையில் மாட்டிக்கொண்டால் புலி தாக்காதாமே? - வாசகர், மதுரை

ப: சுந்தரவனத்தில் 1986-ல் செய்து பார்த்தார்கள். புலி பின்னாலிருந்துதான் பாயும், முகம் தெரிந்தால் தயங்கும் என்ற கணக்கு. தேனெடுக்கவும் மீன்பிடிக்கவும் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள், முதலில் நன்றாகவே பலித்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது மறுநாளே அட்டையில் 20 முகமூடி தயார். ஆனால் இங்கே அது தேவையில்லை. எங்கள் பக்கம் மனிதர்கள் அதிகம் சாவது யானையால், யானைக்கு முகமூடி எல்லாம் ஒன்றுமில்லை. புலி விஷயத்தில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான். விறகு பொறுக்கவோ புல் அறுக்கவோ வெளிக்குப் போகவோ குனிந்தும் குந்தியும் இருக்கும் ஆள், தூரத்திலிருந்து பார்க்கும் புலிக்கு நாலுகால் பிராணிபோலத் தெரியலாம். ஒருவர் குனிந்தால் ஒருவர் நிமிர்ந்து நிற்கட்டும். கழிப்பறை வசதி புலித் தடுப்பு வேலைதான் என்று அதிகாரிகளிடம் சொன்னால் இன்னும் சிலர் சிரிக்கிறார்கள்.

கே: மனிதனைக் கொன்ற புலியைச் சுடாமல் பிடிக்க ஏன் இத்தனை பாடு? - வாசகர், திருப்பூர்

ப: 2021-ல் கூடலூர், மசினகுடிப் பக்கம் திரிந்த, டி23 என்று எண் கொடுத்த புலியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 21 நாள் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். சட்டப்படி, முதன்மை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் உத்தரவு தந்தால்தான் புலியைக் கொல்லலாம், அதுவும் வேறு வழியே இல்லாதபோது. ஏனென்றால் 'அந்தப் பக்கம் வந்த புலி' வேறு, 'கொன்ற புலி' வேறாக இருக்கலாம். வரிகளைக் கேமராப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்ய முடியும், ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது. அந்த நாட்களில் மாயாற்றுக்கு இந்தப் பக்கமும் விறகுக்குப் போவது நின்றுவிட்டது. 'இது நம்ம பக்கத்துப் புலி இல்லை' என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். பாதிப் பேர் நம்பினார்கள்.

கே: காட்டுக்குள் இருப்பவர்களை வெளியே குடியமர்த்துவதுதானே நிரந்தரத் தீர்வு? - வாசகர், சேலம்

ப: அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு நான் எந்த ஊருக்கும் போவதில்லை. காட்டில் வாழ்பவர்களுக்கு அங்கே உரிமை தரும் 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது, கிராம சபை இருக்கிறது. பக்கத்திலேயே கர்நாடகத்தின் பி.ஆர். (பிலிகிரிரங்கன்) மலையில் 2011-ல் சோளகர் பழங்குடிகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்ததில் அது முன்னோடி. புலி அங்கிருந்து ஓடிவிடவில்லை.

கே: நீங்கள் புலியைப் பார்த்திருக்கிறீர்களா? - 7-ஆம் வகுப்பு மாணவர், நாமக்கல்

ப: தம்பி, 11 வருஷத்தில் இரண்டே முறை. முதல் முறை வாலை மட்டும், அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று நீயே சொல். இரண்டாவது முறை திம்பம் மலைப்பாதையில், காலை பஸ்ஸில். கொண்டை ஊசி வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ரோட்டைத் தாண்டி மெதுவாக ஒரு புலி போனது. பஸ்ஸில் ஒரு சத்தமில்லை. அது புதருக்குள் மறைந்த பிறகும் யாரும் பேசவில்லை. கண்டக்டர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆசனூர் டிக்கெட் இன்னும் யாரு வாங்கல?" என்றார்.