செமாக்ளூடைட் ஊசி போட்டபின் குமட்டல், மலச்சிக்கல்: என்ன சாப்பிடலாம்?

சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் தரப்படும் செமாக்ளூடைட் மருந்தை வாராவாரம் போடுபவர்களுக்குக் குமட்டல் வர ஒரு முக்கியக் காரணம், இரைப்பை மெதுவாகக் காலியாவதுதான். காலையில் தின்ற பூரி மதியம்வரை வயிற்றிலேயே கிடக்கலாம். அதனால்தான் அந்தப் புளித்த ஏப்பம். டோஸ் கூட்டிய முதல் சில நாள் எண்ணெய்ப் பலகாரம், கெட்டித் தேங்காய்ப்பால் குழம்பு வேண்டாம். 2 இட்லி, ஒரு அவித்த முட்டை போதும். முட்டையை முதலில் சாப்பிடுங்கள். வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், கடைசிக்கு வைத்தால் முட்டை மீந்துவிடும்; புரதம் குறைந்தால் தசை கரையும். போதும் என்று தோன்றியதும் தட்டை நகர்த்திவிடுங்கள். பசித்தால் 3 மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம்.

மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா நல்லது. ஆனால் தண்ணீர் குடிக்காமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் இன்னும் இறுகும். தண்ணீரைச் சாப்பாட்டோடு மொத்தமாகக் குடிக்காமல் இடையிடையே குடியுங்கள்.

முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி என்றால் அடுத்த ஊசி போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கணைய அழற்சியாக இருக்கலாம்.