கணினிக் கேள்வி – பதில்: விலைப்பட்டியலுக்கு அடியில் ஒரு முத்திரை

எக்செல் தாளில் வாட்டர்மார்க், அதாவது எழுத்துகளுக்கு அடியில் வெளிறித் தெரியும் முத்திரை, போடுவது பற்றிச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கே: டைல்ஸ் விலைப்பட்டியலை எக்செலில் வைத்திருக்கிறோம். ‘பேஜ் லேஅவுட்’டில் ‘பேக்ரவுண்ட்’ கொடுத்து எங்கள் முத்திரையைப் போட்டோம். திரையில் ஜோராகத் தெரிகிறது, பிரின்ட் எடுத்தால் வெறும் தாள்தான் வருகிறது. வேர்டில் இருக்கும் வாட்டர்மார்க் பட்டன் எக்செலில் எங்கே ஒளிந்திருக்கிறது? — ஆத்தங்குடி வாசகர்

ப: ஒளிந்திருக்கவில்லை, எக்செலில் அப்படியொரு பட்டனே கிடையாது. ‘பேக்ரவுண்ட்’ என்பது திரைக்கு மட்டுமான அலங்காரம். படத்தைத் தரையில் கல் பதிப்பதுபோல அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்பப் பரப்பும், அச்சுக்கு வராது. தாளிலும் பிடிஎஃப்பிலும் வர வேண்டுமென்றால் படத்தை ஹெடருக்குள், அதாவது பக்கத்தின் தலைப்பகுதிக்குள், வைக்க வேண்டும். ஹெடரில் வைத்த படம் செல்களுக்கு அடியில் போய் நிற்கும், ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வரும்.

முதலில் படத்தைத் தயார் செய்யுங்கள். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். பவர்பாயின்ட்டில் அதே அளவில் ஒரு ஸ்லைடு அமைத்து, நடுவில் கடைப் பெயரைச் சாய்வாக வெளிர் சாம்பலில் எழுதி, எழுத்தை மட்டும் பிடித்து வலது கிளிக் செய்து, படமாக, பிஎன்ஜி வடிவில் சேமிக்கலாம். அப்படிச் சேமித்தால் பின்புலம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வராது. தமிழ் எழுத்தாக இருந்தால் இந்த வழிதான் நல்லது. படமாகிவிட்டால், எதிரே இருப்பவர் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் எழுத்து குலையாது.

இனி எக்செல். ‘இன்சர்ட்’, ‘டெக்ஸ்ட்’, ‘ஹெடர் அண்டு ஃபூட்டர்’ என்று போனால் தாளின் தலையில் மூன்று கட்டங்கள் தெரியும். நடுக்கட்டத்தில் கிளிக் செய்து, மேலே ‘பிக்சர்’ கொடுத்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். படம் உடனே தெரியாது. அண்ட் (&) குறியும், சதுர அடைப்புக்குள் பிக்சர் என்ற சொல்லும்தான் இருக்கும். இங்கேதான் பலர் ஏதோ தப்பாகிவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். வேறு ஏதாவது செல்லில் கிளிக் செய்தால் படம் வந்துவிடும்.

ஹெடர் படத்தை மவுசால் பிடித்து இழுக்க முடியாது. அளவை மாற்ற, அதே கட்டத்துக்குத் திரும்பப் போய் ‘ஃபார்மேட் பிக்சர்’. கீழே இறக்க, அந்தக் குறிக்கு முன்னால் கர்சரை வைத்து என்டர் தட்ட வேண்டும். எத்தனை தடவை என்பது படத்தின் உயரத்தையும் ஹெடர் எழுத்தின் அளவையும் பொறுத்தது, தட்டித் தட்டித்தான் பார்க்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாமென்றால், சுற்றிலும் வெற்றிடம் விட்டு முழு ஏ4 அளவிலேயே படத்தைச் செய்து, ‘பேஜ் செட்டப்’பில் ‘மார்ஜின்ஸ்’ போய் ஹெடர் அளவை 0 ஆக்குங்கள். இடது, வலது மார்ஜின் இரண்டும் சமமாக இருக்கட்டும். எங்கள் ஓட்டு இந்த வழிக்கே.

படம் பளிச்சென்று இருந்தால் ‘ஃபார்மேட் பிக்சர்’ உள்ளே, ‘பிக்சர்’ பகுதியில் நிறத்தை ‘வாஷ்அவுட்’ ஆக்கலாம். ஏற்கெனவே வெளிர் சாம்பலில் செய்த படத்துக்கு இதையும் கொடுத்தால் தாளில் ஒன்றுமே தெரியாமல் போகும். இரண்டில் ஒன்று போதும்.

கே: ஹெடர் வழியில் செய்துவிட்டோம். ஆனால் கல்லின் நிறத்தைக் காட்ட நாங்கள் செல்களுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் பூசியிருக்கிறோம். அந்த இடங்களில் எல்லாம் முத்திரை காணாமல் போகிறது. — ஆத்தங்குடியிலிருந்து இன்னொரு வாசகர்

ப: முத்திரை இருப்பது செல்லுக்கு அடியில். மேலே வண்ணம் பூசினால் மறையத்தான் செய்யும். நிறத்துக்கென்று ஒரு குறுகிய நெடுவரிசையை மட்டும் ஓரமாக ஒதுக்கி, பெயர், அளவு, விலை இருக்கும் செல்களை எல்லாம் ‘நோ ஃபில்’ ஆக்குங்கள். கவனம்: வெள்ளை நிறம் பூசிய செல்லும் ‘நோ ஃபில்’ செல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெள்ளையும் ஒரு பூச்சுதான், அதுவும் மறைக்கும். வேறொருவர் செய்த பட்டியலை வாங்கி மாற்றும்போது அங்கங்கே முத்திரை விட்டுவிட்டு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கே: கோவில் புள்ளி வரிக் (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி) கணக்கை எக்செலில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று ஷீட்டின் நடுவில் சாம்பல் நிறத்தில் ‘பேஜ் 1’ என்று பெரிதாக வந்து நிற்கிறது. நான் எதையும் போடவில்லை. அழிக்கவும் முடியவில்லை. — இளையாத்தங்குடி வாசகர்

ப: அது வாட்டர்மார்க் இல்லை. ‘பேஜ் பிரேக் பிரிவியூ’வுக்குள் தெரியாமல் போயிருக்கிறீர்கள். ‘வியூ’ போய் ‘நார்மல்’ கொடுங்கள், போய்விடும். அச்சிலும் வராது.

கே: பலகார விலைப்பட்டியலில் முத்திரை போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தேன்குழலும் மணகோலமும் விலையோடு தெரிகிறதாம், முத்திரை மட்டும் இல்லையாம். — பள்ளத்தூர் வாசகி

ப: எக்செல் கோப்பாகவே அனுப்பியிருப்பீர்கள். ஹெடர் படம் ‘பேஜ் லேஅவுட்’ வியூவிலும் பிரின்ட் பிரிவியூவிலும்தான் தெரியும். சாதாரண வியூவில் திறந்தால், உங்கள் கணினியிலேகூடத் தெரியாது. ‘சேவ் ஆஸ்’ போய்ப் பிடிஎஃப்பாகச் சேமித்து அதை அனுப்புங்கள் ஆச்சி. விலையை யாரும் சட்டென்று மாற்றியெழுதிவிட முடியாது என்பது கூடுதல் வசதி.

கே: முதல் பக்கத்தில் மட்டும் வாட்டர்மார்க் வருகிறது, மற்ற பக்கங்களில் இல்லை. இன்னொரு ஷீட்டில் எல்லாப் பக்கத்திலும் வருகிறது, ஆனால் சுண்டிப்போய் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. — தேவகோட்டை வாசகர்

ப: இரண்டுக்கும் காரணம் ஹெடர் கட்டத்தில் நிற்கும்போது மேலே தெரியும் டிக் பெட்டிகள். ‘டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்’ டிக் ஆகியிருந்தால் முதல் பக்கத்துக்குத் தனி ஹெடர், மற்றவற்றுக்குத் தனி ஹெடர். ஒற்றை, இரட்டைப் பக்கங்களைப் பிரிக்கும் பெட்டியும் அப்படித்தான். தேவையில்லை என்றால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். எடுத்தபின் நடுக்கட்டத்தில் படம் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டிப்போவதற்குக் காரணம் ‘ஸ்கேல் வித் டாக்குமென்ட்’. பல நெடுவரிசைகளை ஒரே தாளில் அடக்க அச்சளவை 60 சதவீதத்துக்குக் குறைத்திருப்பீர்கள். அந்த டிக் இருந்தால் ஹெடர் படமும் அதே 60 சதவீதத்துக்குச் சுருங்கும். எடுத்துவிட்டால் படம் தன் அளவில் நிற்கும். தாளைப் படுக்கவைத்து அச்சிடுபவர்கள் 29.7-க்கு 21 செ.மீ. என்று தனிப் படம் செய்துகொள்ள வேண்டும்.

கூடவே ஒன்று: தலைப்புகளை ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ வைத்து நிறுத்தியிருந்தால், ‘பேஜ் லேஅவுட்’ வியூவுக்குப் போகும்போது அது விலகிவிடும் என்று எக்செல் எச்சரிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஓகே கொடுங்கள். வேலை முடிந்து ‘நார்மல்’ வந்தபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கே: எங்கள் விடுதியின் அறை வாடகைப் பட்டியல் கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது. அதில் முடியுமா? — கானாடுகாத்தான் வாசகர்

ப: கூகுள் ஷீட்ஸில் படத்தைச் செல்களுக்கு மேலே மிதக்க விடலாம். அது ஒரு இடத்தில் மட்டும் நிற்கும், அடியில் இருக்கும் செல்லைக் கிளிக் செய்யவும் விடாது. அறை வாடகை என்றால் ஒரு பக்கம்தானே, படத்தை நன்றாக வெளிறச் செய்து வைத்தால் ஒப்பேறும். பக்கங்கள் அதிகமென்றால் எக்செல் கோப்பாக டவுன்லோடு செய்து மேலே சொன்ன ஹெடர் வழிக்கு வந்துவிடுங்கள். எக்செல் விலை கொடுத்து வாங்கவில்லையா? இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் கோப்பைத் திறந்து, பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும் பெட்டியிலேயே வாட்டர்மார்க் என்று ஓர் இடம் இருக்கிறது. சொல்லை எழுதினால் போதும், எல்லாப் பக்கத்திலும் விழும்.

கே: பழம்பொருள் கடை வைத்திருக்கிறோம். மரவை, பித்தளைச் சாமான், எனாமல் பாத்திரம் எல்லாவற்றுக்கும் இருப்புப் பட்டியல் உண்டு. வாட்டர்மார்க் போட்டுவிட்டால் அதை யாரும் தங்கள் பட்டியல் என்று காட்ட முடியாதல்லவா? — காரைக்குடி வாசகர்

ப: முடியும். வாட்டர்மார்க் என்பது பெயர்ப்பலகை, பூட்டு இல்லை. ஹெடர் கட்டத்தில் போய் அந்த ஒரு குறியை அழித்தால் முத்திரை போயிற்று, பத்து விநாடி வேலை. செல்களுக்கு மேலே வேர்ட்ஆர்ட்டாகப் போட்டிருந்தாலும் ஆல்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் ஷீட்டில் உள்ள படங்கள் எல்லாம் பட்டியலாக வரும், பிடித்து அழித்துவிடலாம். ரூபாய் நோட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிகிற காந்தி படம் தாள் செய்யும்போதே உள்ளே போவது. இது அப்படியில்லை.

ஆகவே எக்செல் கோப்பை வெளியே விடாதீர்கள். கொள்முதல் விலை நெடுவரிசையை ‘ஹைடு’ செய்து அனுப்புவதும் ஆபத்து. வாங்குகிறவர் ‘அன்ஹைடு’ கொடுத்தால் உங்கள் லாபம் அவர் கண்முன் நிற்கும். காட்ட வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் புது ஷீட்டில் மதிப்புகளாக (‘பேஸ்ட் வேல்யூஸ்’) ஒட்டி, முத்திரை போட்டு, பிடிஎஃப்பாக்கி அனுப்புங்கள். முத்திரையில் கடைப் பெயரோடு தேதியையும், யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர் பெயரையும் சேர்த்துவிட்டால், பட்டியல் வேறு கைக்குப் போனாலும் எந்த வழியாகப் போனது என்று தெரியும். தாளாகவே கொடுப்பதென்றால் கொஞ்சம் அழுத்தமான சாம்பலாக வையுங்கள். ரொம்ப வெளிர் நிறம் ஒரு தடவை ஜெராக்ஸ் எடுத்தாலே மறைந்துபோகும்.