இசட் நோட்டில் சேமநிதியைப் போடலாமா?

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பழைய நோட்டு விற்பவர், 1967 வரிசையில் எண்ணுக்கு முன் இசட் எழுத்து வரும் ஒரு வெள்ளி, பத்து வெள்ளி (ரிங்கிட்) காகித நோட்டுகளைக் காட்டி, "இது மாற்று நோட்டு, வருஷா வருஷம் விலை ஏறும்" என்கிறார். சேமநிதியில் கொஞ்சம் எடுத்து வாங்கி வைக்கலாமா, ஐயா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சேமநிதியைத் தொடாதீர்கள். அதன் வழக்கமான (ஷரியா அல்லாத) கணக்கில் ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு லாப ஈவு தரச் சட்டமே இருக்கிறது. நோட்டுக்கு அப்படி உறுதி தர ஆளில்லை. இருட்டோடு எழுந்து மரம் வெட்டிச் சேர்த்த காசை இதில் போடச் சொல்கிறவர் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, நோட்டுக்கு வருவோம். மாற்று நோட்டு என்று அவர் சொல்வது உண்மை. அச்சடிக்கும்போது ஒரு நோட்டு கெட்டுப்போனால், அதே எண்ணை மறுபடி அடிக்காமல், தனி எழுத்து போட்டு அடித்து வைத்திருக்கும் நோட்டைச் செருகிக் கட்டின் கணக்கைச் சரிசெய்வார்கள். நம் நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் முதல் வரிசையில் அந்த அடையாளம் இசட். இந்தியாவில் 2006 முதல் நட்சத்திரம். ஆனால் அடையாளம் இருந்தால் மட்டும் விலை வந்துவிடாது. அந்த நோட்டுகளில் எத்தனை தப்பியிருக்கின்றன, உங்கள் கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது, இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டாவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

பசார் மாலாம் விளக்கொளியில் பார்த்து வாங்காதீர்கள். பகலில் ஜன்னலோரம் கொண்டுபோய் நோட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் மடித்த கோடு தெரிகிறதா? அந்தக் கோட்டில் மை உதிர்ந்து வெள்ளை தெரிந்தால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். அப்புறம் நோட்டில் இருக்கும் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரகுமான் படத்தின் மேல் விரல் நுனியை மெல்ல ஓட்டுங்கள். நல்ல நோட்டில் மை சற்று மேடாகத் தட்டுப்படும். மழுமழுவென்று இருந்தால், துவைத்து இஸ்திரி போட்டுப் புதுசாக்கிய நோட்டாக இருக்கலாம். துவைத்த தாளில் மொடமொடப்பும் இருக்காது. நான்கு ஓர வெள்ளையும் ஒரே அளவா, பின் குத்திய துளையில் துரு ஏறியிருக்கிறதா, இதையும் பாருங்கள்.

இன்னொன்று. 1972-இல் மலாய் எழுத்துக்கூட்டல் மாறியது. அதனால் பத்து வெள்ளி நோட்டில் பழைய கூட்டல், புதிய கூட்டல் இரண்டும் உண்டு. கூட்டலோ கவர்னர் கையெழுத்தோ மாறினால் விலையும் மாறும். விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

காசு கொடுத்து வாங்கும் முன் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியையும் தேடிப் பாருங்கள். சம்பள நாளில் வாங்கித் துணிக்கடியில் வைத்து மறந்த நோட்டு கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தால் துடைக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே கூடாது. செய்துவிட்டால் சேகரிப்பவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஆசைக்கு ஒரு நோட்டு வேண்டுமென்றால் கைச்செலவுக் காசில் வாங்குங்கள், நானே வாழ்த்துவேன். ஆனால் வாங்குமுன் அந்த வியாபாரியிடம், "இதையே இப்போது உங்களிடம் விற்றால் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகைதான் இன்றைக்கு உங்கள் கையில் நிற்கும் விலை.